ஒன்பது நிலைகளும் ஒரு மனிதனும்: பயன்பாடு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அரிஸ்ரோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் தொடக்கத்திலே தெல்பி நகரத்துக் கத்தி ஒன்றைக் குறிப்பிடுகின்றார். பல வேலைகளுக்கும் உதவுமாறு சிக்கனமாகச் செய்யப்பட்ட கத்தி அது. இயற்கை அத்தகைய கஞ்சத்தனமுள்ள கொல்லனைப் போன்றதன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பயனுக்கென்றே அது படைக்கின்றது. கருவியொன்று பல பணிகளுக்கன்றி ஒரே பணிக்கு உரியதாகும்போதே செம்மையுறுகின்றது என்பது அவர் கருத்து. ஆயின் அதே நூலின் பிற்பகுதியில், அரச பதவிகளை ஆராயுமிடத்து, அவர் வேறொரு கருவியை நினைவூட்டுகின்றார். இறைச்சி வாட்டும் கம்பியாகவும் விளக்குத் தாங்கியாகவும் ஒருங்கே பயன்படுவது அது. பெரிய அரசுகள் பதவிக்கொருவரை நியமிக்கலாம். ஆட்டொகை குறைந்த சிறிய அரசுகளிலோ, அக்கருவியைப் போல, ஒருவரே பல பதவிகளைத் தாங்கவேண்டியவராகின்றார்.

இவ்விரு கருவிகளுக்குமிடையே ஒரு பெரிய வினா மறைந்து கிடக்கின்றது. பலவற்றையும் ஓரளவு செய்யவல்ல மனிதனின் பெறுமதி யாது? அது அவனுடைய குணமா, அன்றி அவனைச் சூழ்ந்த கூட்டத்தின் வறுமையா? தெல்பிக் கத்தி அரிஸ்ரோட்டிலின் நூலில் வருமிடம் பெண்ணையும் அடிமையையும் பற்றிய விவாதம் என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். கருவிகளைப் பற்றிய பேச்சு எவ்வளவு விரைவாக மனிதரைப் பற்றிய பேச்சாகிவிடுகின்றது! இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. அவ்வாட்டத்திலே பல நிலைகளில் நின்று ஆடவல்ல ஒருவருக்குத் தனிப் பெயரே உண்டு: 'யூற்றிலிற்றி' ஆட்டக்காரர், அதாவது பயன்பாட்டு ஆட்டக்காரர். பெந்தாமும் மில்லும் தமது அறவியற் கொள்கைக்குச் சூட்டிய அதே சொல்லாலேயே இம்மனிதர் அழைக்கப்படுகின்றார். மற்றையோர் தாம் நிற்கும் இடத்தாற் பெயர் பெற, இவர் மட்டும் தமது பயனாற் பெயர் பெறுகின்றார்.

கிரிக்கெற்றை அறிந்த எமக்கு இதன் முழுப் பொருளும் உடனே புலப்படாது. கிரிக்கெற்றிலே களத்தடுப்பாளர்கள் ஓவருக்கு ஓவர் இடம் மாறுகின்றனர். அதனை எவரும் தனியொரு தொழிலாகக் கருதுவதில்லை. பேஸ்போலில் அவ்வாறன்று. பந்தெறிவாளர், அவருக்கு எதிரே குந்தியிருக்கும் பிடிப்பாளர், மூன்று தளங்களையும் காப்போர், இரண்டாம் மூன்றாந் தளங்களுக்கிடையே நிற்கும் ஷோட்ஸ்ரொப், வெளிக்களத்து மூவர் என ஒன்பது நிலைகளும் ஒன்பது தொழில்களாகவே வளர்ந்துள்ளன. கையுறைகூட ஒரே வகையினதன்று. முதலாந் தளத்தில் நிற்பவர் பிறர் எறியும் பந்தை நீண்டு ஏற்கப் பழகியவர். ஷோட்ஸ்ரொப் நிலையினரோ நிலத்திற் பாய்ந்துவரும் பந்தை எடுத்து ஓட்டத்திலேயே எறியப் பழகியவர். இடது கையால் எறிபவர் உட்களத்தின் முதலாந் தளம் தவிர்ந்த நிலைகளில் நிறுத்தப்படுவது மிக அரிது. பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் இந்நிலைகளை எளிமையிலிருந்து கடினம்வரை ஒரு வரிசையில் அமைத்துக் காட்டினார். கடினமான நிலையிலுள்ளவர் எளிதானதற்கு இறங்கலாம். எதிர்த்திசையில் ஏறுவது அபூர்வம்.

இனி எண்களைக் கவனிப்போம். இன்றைய விதிகளின்படி பெரும்பகுதிப் பருவத்தில் ஓர் அணியின் பட்டியலில் இருக்கக்கூடியோர் 26 பேர். இவர்களுள் பந்தெறிவாளர் 13 பேர்வரை அமையலாம். பெரும்பாலும் அவ்வாறே அமைகின்றனர். எஞ்சிய 13 பேரில் களத்திலே நிற்போர் எண்மர், அடிப்பதற்கென்றே நியமிக்கப்படுபவர் ஒருவர். இவர்களைக் கழித்தால் நால்வர். அவர்களுள் ஒருவர் கட்டாயம் இரண்டாவது பிடிப்பாளராதல் வேண்டும். ஆக, ஏழு நிலைகளுக்கு ஆபத்துதவியாக இருப்போர் மூவரே. ஒரு முறை வெளியேற்றப்பட்டவர் அவ்வாட்டத்துக்கு மீளமுடியாது என்பது விதி. ஒன்பது சுற்றுகளிலும் சமநிலை நீங்காவிடின் ஆட்டம் முடிவின்றி நீளும். பருவத்தில் 162 ஆட்டங்கள். இந்தக் கணக்கிலிருந்தே பயன்பாட்டு ஆட்டக்காரர் பிறக்கின்றார். அரிஸ்ரோட்டிலின் சிறிய நகர அரசு இதுதான்.

அவ்வாறாயின் அவருடைய பெறுமதியை எவ்வாறு அளப்பது? 1967ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வாக்களிப்பு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. அவ்வாண்டில் பொஸ்ரன் அணியின் கார்ல் யஸ்ரம்ஸ்கி அடிச் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் அமெரிக்க லீக்கில் முதலிடம் பெற்றார்; அவருடைய அணியும் பருவத்தின் இறுதி நாளில் மினசோட்டாவை வென்று லீக்கின் முதலிடத்தை எய்தியது. மிகப் பெறுமதிவாய்ந்த ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் எழுத்தாளர் இருபதின்மரில் 19 பேர் அவருக்கே முதல் வாக்கை அளித்தனர். எஞ்சிய ஒருவர் மினசோட்டா அணியின் செசார் தோவார் என்னும் வெனிசுவேலா நாட்டவருக்கு வாக்களித்தார். தோவாரின் சராசரி 267, யஸ்ரம்ஸ்கியினுடையது 326. தோவார் அடித்த ஹோம் ரன்கள் ஆறு. மற்றவர் அடித்தவை 44. அந்த ஒற்றை வாக்கு அன்று நகைப்புக்கும் கண்டனத்துக்கும் இலக்காகியது. இன்றும் விந்தையாகவே எடுத்துச் சொல்லப்படுகின்றது.

அவ்வாக்கு தவறானது என்பதே எனது முடிவும். ஆயினும் அது மூடத்தனமானதன்று. தோவார் அவ்வாண்டில் 164 ஆட்டங்களில் ஆடினார். இரண்டாந் தளத்திலும் மூன்றாந் தளத்திலும் ஷோட்ஸ்ரொப்பிலும் வெளிக்களத்தின் மூன்று பகுதிகளிலும் மாறி மாறி நின்றார். ஒருவர் காயமுற்றபோது அவ்விடத்தை அவர் நிரப்பினார். இன்னொருவர் சோர்வுற்றபோது அவர் ஓய்வுபெறத் தோவார் வழிசெய்தார். இவற்றுட் பெரும்பகுதி தோவாரின் பெயருக்கெதிரே எந்தப் பத்தியிலும் பதியப்படுவதில்லை. ஓய்வுபெற்று மீண்டவர் மறுநாள் அடிக்கும் பந்து அவருடைய கணக்கிலேதான் சேரும். அந்த ஒற்றை வாக்காளர் அளக்கப்படாத ஒன்றுக்கு வாக்களித்தார் என்று கொண்டால், அவருடைய பிழை அளவிலேயேயன்றிப் பொருளில் இல்லை.

பிற்காலப் புள்ளியியலாளர் இக்குறையை நிரப்ப முயன்றனர். ஓர் ஆட்டக்காரரை நீக்கி, எங்கும் எளிதிற் பெறக்கூடிய சாதாரணர் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்தின் அணி எத்தனை வெற்றிகளை இழக்கும் என்று கணிப்பது இன்று பெருவழக்கு. நிலைகளின் கடினத்தையும் இக்கணிப்பு கருத்திற் கொள்கின்றது. இதன் பயனாகவே பென் சோப்றிஸ்ற் போன்றோர் மதிப்புப் பெற்றனர். 2009ஆம் ஆண்டு தம்பா பே அணிக்காகப் பெரும்பாலும் இரண்டாந் தளத்திலும் வலது வெளிக்களத்திலும், தேவைப்பட்டவிடத்துப் பிற நிலைகளிலும் ஆடிய அவர், லீக்கின் மிகச் சிறந்தோர் வரிசையில் நிற்பதை அக்கணிப்பு வெளிப்படுத்திற்று. சாதாரண விசிறியின் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 2016 நவம்பரில், சிக்காகோ கப்ஸ் அணி 1908இன் பின் முதன்முறையாக உலகத் தொடரை வென்ற இறுதி ஆட்டத்தின் பத்தாவது சுற்றில் முன்னிலை தந்த அடி இவருடையதே. அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

எனினும் இக்கணிப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒருவர் இரண்டாந் தளத்தில் நின்ற நேரத்தையும் வெளிக்களத்தில் நின்ற நேரத்தையும் அது தனித்தனியே கூட்டுகின்றது. ஆனால் இரண்டும் ஒரே மனிதரிடத்து இருப்பதனால் அணிக்கு மிஞ்சும் ஓர் ஆளிடத்தின் பெறுமதியை அது எவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. இவர் இருப்பதனால் முகாமையாளர் துணிந்து செய்யக்கூடிய மாற்றங்கள், செய்யாமலே விட்டாலும் கையிலிருக்கும் வாய்ப்புகள், இவையெல்லாம் நிகழ்வுகளல்ல, சாத்தியங்கள். நிகழாதவற்றை எண்ணுவதெங்ஙனம்? பல்திறனாளரின் பெறுமதி அவருள் இருப்பதன்று. அவருக்கும் ஏனையோருக்குமிடையே உள்ள தொடர்பில் இருப்பது. தனிமனிதரை அலகாகக் கொண்ட எந்தக் கணக்கும் அதனை முற்றாகப் பிடிக்கமுடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்துதல் அவசியம். பல துறைகளிலும் முதல்வராய் நிற்பவர் வேறு. பல இடங்களையும் நிரப்புபவர் வேறு. ஷோஹெய் ஒட்டானி பந்தெறிவதிலும் அடிப்பதிலும் ஒருங்கே உச்சத்தில் நிற்கின்றார். கிரிக்கெற்றின் கார்பீல்ட் சோபர்ஸும் இவ்வினத்தவரே. இவர்களை நாம் வியக்கின்றோம். இவர்களைப் பற்றி அறவியற் சிக்கல் எதுவும் எழுவதில்லை. சிக்கல் எழுவது இரண்டாமவரைப் பற்றியே. பூமியின் சுற்றளவைக் கணித்த எரற்றோஸ்தனீஸைப் பண்டைய கிரேக்கர் 'பீட்டா', அதாவது நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, என்று கேலிசெய்தனராம்; எல்லாத் துறையிலும் இரண்டாமவர் என்பது பொருள். அத்தகைய மேதைக்கே அந்தப் பெயரென்றால், எட்டாவது சுற்றில் வலது வெளிக்களத்துக்கு அனுப்பப்படும் மனிதனின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

பல்திறன் வெறுங் காட்சியாக்கப்பட்ட சந்தர்ப்பங்களும் உள. 1965 செப்ரெம்பர் 8ஆம் நாள் கென்சஸ் சிற்றி அணியின் கியூப இளைஞர் பேட் கம்பனெரிஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது நிலைகளிலும் நிறுத்தப்பட்டார். சுற்றுக்கொரு நிலை. கூட்டம் சேர்ப்பதற்காக அணியின் உரிமையாளர் சார்லி பின்லி வகுத்த ஏற்பாடு அது. ஒன்பதாவது சுற்றில், தமக்குப் பழக்கமில்லாத பிடிப்பாளர் நிலையில் நின்றபோது, ஓடிவந்த எதிரணி வீரர் மோத, காயமுற்று அவர் வெளியேறினார். ஆட்டத்திலும் அணி தோற்றது. பின்னர் 1972 முதல் 1974 வரை ஓக்லண்ட் அணி தொடர்ந்து மூன்று உலகத் தொடர்களை வென்றபோது, அதன் நிலையான ஷோட்ஸ்ரொப் இதே கம்பனெரிஸ். ஒன்பது இடத்தில் நின்றது அவரை ஒரு வேடிக்கையாக்கியது. ஓரிடத்தில் நிற்க விட்டதே அவரை ஆட்டக்காரராக்கியது. 1968இல் தோவாரும் ஒன்பது நிலைகளிலும் ஆடினார். அவர் பந்தெறிவாளராக எதிர்கொண்ட முதல் ஆட்டக்காரர் கம்பனெரிஸே என்பது வரலாற்றின் குறும்பு.

பல்திறனை ஒரு நற்குணமாகப் புகழ்வது வழக்கம். தன்னலமின்மை, பணிவு, அணிக்காகத் தன்னை ஒப்புவித்தல் என்றெல்லாம் அது வருணிக்கப்படுகின்றது. இப்புகழ்ச்சியை நான் ஐயத்துடனேயே நோக்குகின்றேன். குணம் என்று நாம் கூறுவது பலவேளை நிர்ப்பந்தமே. கேசி ஸ்ரெங்கல் முகாமையாளராயிருந்த 1949 முதல் 1960 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் நியூயோர்க் யாங்கீஸ் அணி பத்து முறை லீக்கில் முதலிடம் பெற்றது. ஆட்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்துவது அவருடைய பெயர்பெற்ற முறை. அவ்வணியின் கில் மக்டூகல்ட் இரண்டாந் தளம், மூன்றாந் தளம், ஷோட்ஸ்ரொப் என எங்கு நிறுத்தினும் சிறந்தவராகவே விளங்கினார். அணியின் வெற்றிகள் ஸ்ரெங்கலை மேதையாக்கின. அவர் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். மக்டூகல்ட்டின் பெயர் அங்கில்லை. இடம் மாறியவர் ஒருவர். இடம் மாற்றிய மேதைமை இன்னொருவருடையது!

நிர்ப்பந்தத்தின் கொடிய வடிவத்தைக் காண்பதற்குக் கறுப்பின மக்களின் லீக்குகளை நோக்கவேண்டும். 1947வரை வெள்ளையரின் பெரு லீக்குகளில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அவர்களுடைய அணிகள் வெள்ளையர் அணிகளைவிட மிகக் குறைந்த ஆட்களுடன், பேருந்துகளில் ஊர் ஊராகச் சென்று, சிலவேளை ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆடின. அங்கே பல நிலைகளில் ஆடத்தெரிதல் சிறப்புத் தகுதியன்று, பிழைப்புக்கான நிபந்தனை. அந்த உலகத்திலிருந்தே மார்த்தீன் தீகோ என்னும் கியூபர் தோன்றினார். பந்தெறிவாளராகவும் உட்களத்திலும் வெளிக்களத்திலும் அவர் ஒருங்கே மேம்பட்டவர். 1938இல் மெக்சிக்கோ லீக்கில் பந்தெறிவாளராக 18 வெற்றிகளையும் இரண்டே தோல்விகளையும் கண்ட அவர், அதே பருவத்தில் அடிச் சராசரியிலும் 387 பெற்று முதலிடத்தை எய்தினார். பெரு லீக்கில் ஒரு நாளேனும் அவர் ஆடவில்லை, ஆட அனுமதியில்லை. 1971இல் அவர் மறைந்து ஆறாண்டுகளின் பின் 1977இல் அமெரிக்கப் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. தீகோவின் முழுமையை வியக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. அந்த முழுமைக்கு இயல்பான ஆற்றல் ஒரு காரணமெனின், கதவடைப்பினால் விளைந்த வறுமை இன்னொரு காரணமாகும். வறுமை மேதையையும் தோற்றுவிக்கலாம் என்பது வறுமைக்குச் சான்றிதழ் ஆகாது.

கதவு திறக்கப்பட்டபோது நிகழ்ந்ததும் சிந்திக்கற்பாலது. ஜக்கி றொபின்சன் 1945இல் கென்சஸ் சிற்றி மொனார்க்ஸ் அணியில் ஷோட்ஸ்ரொப்பாகவும், மறு ஆண்டு மொன்றியலில் இரண்டாந் தளத்திலும் ஆடியவர். 1947இல் புறூக்ளின் அணிக்கு வந்தபோது ஷோட்ஸ்ரொப்பில் பீ வீ ரீஸ் இருந்தார். இரண்டாந் தளத்தில் எடி ஸ்ரான்கி இருந்தார். எனவே றொபின்சன் தமக்குப் பழக்கமில்லாத முதலாந் தளத்துக்கு அனுப்பப்பட்டார். எதிரணியினர் ஒவ்வொருவரும் முதலில் ஓடிவரும் இடம் அது; ஆணி பதித்த பாதணிகளுடன் ஓடிவருவர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் செயின்ற் லூயிஸ் வீரர் ஒருவர் அவருடைய காலை மிதித்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்றே அவர் கூறினார். உள்ளே அனுமதிக்கப்பட்டவனே இடத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்; ஏற்கெனவே இருப்போர் அசையவேண்டியதில்லை. இது பேஸ்போலுக்கு மட்டும் உரிய நியதியன்று.

மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் இம்மானுவல் கான்ற். 'மட்டும்' என்ற சொல்லே இங்கு முக்கியம். அணி என்ற ஒன்றிருக்கும்வரை ஒருவர் மற்றவருக்குப் பயன்படவே செய்வர், அது இழிவன்று. இழிவு எப்போது நேர்கின்றதெனில், பயன் எல்லோருக்கும் பகிரப்பட்டு, அதன் விலை ஒருவரிடமே அறவிடப்படும்போது. ஒரே நிலையில் நின்று பெறக்கூடிய தேர்ச்சியைப் பயன்பாட்டு ஆட்டக்காரர் இழக்கின்றார். நாளை எங்கு நிற்பார் என்பதை அவர் அறியார். ஆட்களைக் குறைக்கும் நாள் வரும்போது 'இவருக்கென்று ஓரிடமில்லையே' என்ற நியாயமும் அவருக்கெதிராகவே பேசும். பணி என்ற வகையில் மிகவும் வேண்டப்படுபவரே ஆள் என்ற வகையில் எளிதிற் கைவிடப்படுபவராகின்றார். 2015இன் இறுதியில் சோப்றிஸ்ற் நான்கு ஆண்டுகளுக்கு 56 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றதும், 2022 முதல் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பயன்பாட்டு ஆட்டக்காரருக்கும் வழங்கப்படுவதும் மாற்றத்தின் அறிகுறிகளே. ஆயின் சந்தை ஒருவருக்கு விலை கூறுவதும், உடனாடுவோர் தாம் அவருக்குப் பட்ட கடனை உணர்வதும் ஒன்றல்ல.

மறுதரப்பு வாதத்துக்கும் வலிமை உண்டு. ஊசி செய்யும் தொழிலைப் பகுத்துக்கொண்டால் பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்யலாமென வியந்த அடம் ஸ்மித்தே, வாழ்நாள் முழுவதும் ஓரிரு எளிய செயல்களை மட்டும் செய்யும் மனிதனின் அறிவு மழுங்கும் என்றும் எச்சரித்தார். களத்தை ஆறு இடங்களிலிருந்து பார்த்தவருக்கு, ஓரிடத்திலேயே நின்றவர் அறியாத ஓர் அறிவு உண்டு என்பதை மறுக்கமுடியாது. வெளிக்களத்திலே ஆறு முறை தங்கக் கையுறை பெற்ற மூக்கி பெற்ஸ், தமது முப்பதாவது வயதைக் கடந்தபின் லொஸ் ஏஞ்சலீஸ் அணிக்காக இரண்டாந் தளத்துக்கும், பின்னர் ஷோட்ஸ்ரொப் நிலைக்கும் மாறினார். கடினத்தின் வரிசையில் மேல்நோக்கி ஏறும் அபூர்வம் இது. அவர் இழிவுற்றார் என எவரும் கூறார். மாறாக, அவருடைய புகழ் ஓங்கியது.

ஆயின் பெற்ஸ் மறுக்கக்கூடிய நிலையிலிருந்தவர். காலையில் வேட்டையாடி, பிற்பகலில் மீன்பிடித்து, மாலையில் மந்தை மேய்த்து, இரவுணவின் பின் விமர்சனஞ் செய்யும் மனிதனை இளம் மாக்ஸ் கற்பனை செய்தபோது, அந்த நாளின் ஒழுங்கைத் தீர்மானிப்பவன் அம்மனிதனே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பேஸ்போலில் அன்றைய நிலைப் பட்டியலை எழுதுபவர் முகாமையாளர். அதே ஆறு நிலைகள், அதே உடல், அதே திறமை; எழுதும் கை யாருடையது என்பதிலேயே விடுதலையும் ஏவலும் பிரிகின்றன. இன்று தொழில் வழங்குவோர் 'நெகிழ்ச்சி' என்னும் சொல்லை மிக விருப்பத்துடன் கையாள்கின்றனர். எமது பல்கலைக்கழகங்களிலும், சிறிய துறையொன்றில் ஒருவரே தருக்கமும் அழகியலும் கற்பித்து, மாணவர் விடுதியையும் மேற்பார்வை செய்து, பரீட்சை மண்டபத்தில் மணியும் அடிக்க நேர்வதுண்டு. அவருடைய பரந்த ஈடுபாட்டைப் பாராட்டும் உரைகளுக்குக் குறைவில்லை. பதவியுயர்வுக் குழு மட்டும் அவருடைய சிறப்புத் துறை எதுவென்று கேட்கும்.

றொபின்சன் 1948இல் இரண்டாந் தளத்துக்கு மீண்டார். ஸ்ரான்கி வேறு அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். அடுத்த ஐந்து பருவங்களும் அந்த இடம் பெரும்பாலும் அவருடையதாயிருந்தது. 1949இல் தேசிய லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த ஆட்டக்காரராகத் தெரிவானதும் அங்கு நின்றே. 1953இல் ஜிம் கில்லியம் என்னும் இளைஞர் அணிக்கு வந்தார். அவரும் கறுப்பர்; கறுப்பர் லீக்கில் ஆடியவர்; இரண்டாந் தளமே அவருக்குப் பொருந்திய நிலை. முப்பத்துநான்கு வயதான றொபின்சன் அவ்விடத்தை விட்டு நீங்கி, அவ்வாண்டு பெரும்பாலும் இடது வெளிக்களத்திலும் மூன்றாந் தளத்திலும் மாறி மாறி ஆடினார். அவருடைய அடிச் சராசரி 329. கில்லியம் லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆயினும் இரண்டாந் தளம் கில்லியத்துக்கும் நிலைக்கவில்லை. 1966வரை அதே அணிக்கு ஆடிய அவர், இரண்டாந் தளம், மூன்றாந் தளம், இடது வெளிக்களம் என்று எங்கு ஆள் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் நின்றார்.